கருப்பு வானத்தில் கருப்புக் கல்

வணக்கம் சார்,

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் பாலிஷ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். குறுங்கோள்கள் பற்றி நீங்கள் எழுதியதை என் மகள் போனில் வாசித்துக் காட்டினாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையில், வெளி ஓரத்துப் பாறைகள் கரி மாதிரி கருப்பு என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் யார்டில் ராத்திரி கரன்ட் போனால் நாலடி தள்ளி நிற்கும் கருப்பு ஸ்லாப்பே தெரியாது, முட்டியை இடித்துக்கொள்கிறோம். கருப்பு வானத்தில், ஐம்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கருப்புக் கல்லை எப்படிப் பார்த்தார்கள்? அதோடு விடாமல் அகலம் இவ்வளவு, எடை இவ்வளவு என்றும் சொல்கிறார்கள். கண்முன்னே கிடக்கும் பிளாக்கை அளப்பதிலேயே எங்களுக்குள் தினம் தகராறு. இதையெல்லாம் நம்பலாமா?

மு., பர்கூர்

அன்புள்ள மு.,

கரன்ட் போனால் உங்கள் யார்டில் விளக்கு இல்லை. அந்தப் பட்டையில் சூரியன் அணைவதே இல்லை. வெளிப்பட்டைக்குப் போகும்போது வெயில் நமக்குக் கிடைப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, சரி. ஆனாலும் அது பட்டப்பகல்தான். நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போலத்தான் திரும்பி வருகிறது. பழைய தார்ரோட்டின் நிறம். கிருஷ்ணகிரி கோட்டை மலைக்கு மேல் அது ஏறி வரும்போது வெள்ளித்தட்டு என்கிறோம். பின்னால் இருக்கும் வானம் அதைவிடப் பல மடங்கு இருட்டு, அதனால் வந்த பெயர்.

உங்கள் கேள்விக்கென்றே அமைந்த ஒரு கல் இருக்கிறது. பெயர் சில்வியா, வரிசை எண் 87. சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஆறரை வருடம். விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. கருப்பு ஸ்லாப்பை அறுக்கும்போது வரும் பொடி காய்ந்தால் சாம்பல் நிறமாகிவிடும், உங்களுக்குத் தெரியாததல்ல. வெளிப்பட்டைப் பாறைகளை இடித்துப் பொடித்தாலும் கருப்பு போகாது. கார்பன் கலந்த பொருள் அதிகம் என்பதே காரணம்.

இந்தக் கல்லைக் கண்டுபிடித்த இடம் சென்னை. 1866 மே 16 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் பார்த்தார். நட்சத்திரங்கள் எவ்வளவு பிரகாசம் என்று இன்றும் உலகம் முழுக்க அளக்கும் கணக்கை வகுத்தவரும் அவரே. அவர் கையில் கேமரா கிடையாது. வானத்தின் ஒரு சிறு துண்டை வரைபடத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி ஏதாவது நிற்கிறதா, அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தொலைநோக்கியில் குறுங்கோளும் நட்சத்திரமும் ஒரே மாதிரிப் புள்ளிதான். நகர்வது மட்டுமே காட்டிக்கொடுக்கும். (அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்து. சென்னை போனால் பாருங்கள், தொழில்காரர் கண்ணுக்கு வேறு ஏதாவது தெரியலாம்.)

கருப்பாக இருந்தால் பார்ப்பது கஷ்டம் என்று நீங்கள் நினைத்ததும் தப்பில்லை. வெஸ்டா வெளிர்நிறக் கல், கொஞ்சம் கிட்டவும் இருக்கிறது, 1807இலேயே அகப்பட்டுவிட்டது. ஹைஜியா பட்டையிலேயே நாலாவது பெரியது, 430 கிலோமீட்டர் போல அகலம். கருப்பும் தூரமும் சேர்ந்து 1849 வரைக்கும் அதை ஒளித்துவைத்திருந்தன.

இனி அளவு. எனக்குப் பிடித்த இடம் இது. ஒரு புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அது சின்ன வெள்ளைக் கல்லாகவும் இருக்கலாம், பெரிய கருப்புக் கல்லாகவும் இருக்கலாம். வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் யார்டில் கிடக்கும் கருப்பு ஸ்லாப்பைத் தொட்டால் கை சுடும், வெள்ளை ஸ்லாப்பில் அவ்வளவு இருக்காது. நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்பும் கல் மீதி 96 பங்கை விழுங்கிச் சூடாகிறது, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. சூடு என்றால் நம்மூர்ச் சூடு இல்லை, சராசரி மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே. இருந்தாலும் அதை அளக்கும் கருவி உண்டு. 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் அப்படித்தான் ஏராளமான குறுங்கோள்களை அளந்தது. வெளிச்சம் குறைவு, வெப்பம் நிறைய என்றால் பெரிய கருப்புக் கல். கண்ணுக்கு ஒளிந்த அதே கருப்பு வெப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. சில்வியாவுக்கு இன்று சொல்லும் சராசரி அகலம் 270 கிலோமீட்டர் போல. உருண்டை இல்லை, நீண்ட கல். ஐந்தே கால் மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. சில்வியா எப்போதாவது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும். தருமபுரியில் ஒருவர், ஊத்தங்கரையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று ஆளுக்கொரு தொலைநோக்கியோடு உட்கார்ந்து நட்சத்திரம் எத்தனை நொடி காணாமல் போனது என்று குறித்தால், அந்த நொடிகளிலிருந்து கல்லின் குறுக்குக் கோடுகள் கிடைத்துவிடும். தனி ஆட்களும் உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள்.

எடையைச் சொன்னவை அதன் நிலாக்கள். 2001இல் ஒன்று கிடைத்தது, ரோமுலஸ். 2005இல் இரண்டாவதையும் அறிவித்தார்கள், ரீமஸ். இரண்டு நிலா உள்ள குறுங்கோள் என்று முதலில் தெரியவந்தது நம் சென்னைக் கல்தான். ரோமுலஸ் 1,360 கிலோமீட்டர் தள்ளி, ஒரு சுற்றுக்கு மூன்றரை நாளுக்குச் சற்று மேல். ரீமஸ் 700 கிலோமீட்டர் போலத் தள்ளி, 33 மணி நேரம். தூரமும் நேரமும் தெரிந்தால் நடுவில் இருப்பது எவ்வளவு கனம் என்று கெப்ளர், நியூட்டன் கணக்கு சொல்லிவிடும். வந்த விடைதான் வேடிக்கை. உங்கள் கருப்புக் கல் ஒரு கன மீட்டர் மூன்று டன் வரும் அல்லவா? சில்வியாவில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றே கால் டன்னை ஒட்டித்தான் வருகிறது. ஒரே பாறையாக இருக்க வழியில்லை. உள்ளே ஏகப்பட்ட பொந்தும் இடைவெளியுமாக, உடைந்த துண்டுகள் குவிந்துகிடக்கின்றன என்றே ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். குவாரியில் இதற்கு விலை போகாது.

நம்பலாமா என்றால், நம்பலாம். கடைசி கிலோமீட்டர் வரைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழிக்கு வழி எண் கொஞ்சம் மாறும், உங்கள் பிளாக் தகராறு போலவே.

சில்வியா பைனாகுலருக்கு அகப்படாது, நல்ல தொலைநோக்கி வேண்டும். மகளுக்கு முதலில் வெஸ்டாவைக் காட்டுங்கள், நல்ல சமயத்தில் பைனாகுலரே போதும். ஓசூர்ப் பக்கத்து வெளிச்சத்தில் முயல வேண்டாம், ஊத்தங்கரை தாண்டிப் போங்கள். ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகமும் உங்களுக்குப் பக்கம்தான். போக்சனுக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து யாரும் புதுக் குறுங்கோள் காணவில்லை. 1988இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள், ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பார்வையாளர்களை என்றைக்கு விடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், மலைமேல் குளிரும், மகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.