முகத்தில் கரப்பான்: முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வயது 29, தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை. ஒரு வருடமாகக் கண் இமையிலும் வாயைச் சுற்றியும் தோல் உரிந்து அரிக்கிறது, கருத்தும் போகிறது. சின்ன வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் இருந்தது, அம்மாவுக்கு வீசிங் உண்டு. மெடிக்கலில் கொடுத்த ஒரு கிரீமை மூன்று மாதமாகப் போடுகிறேன். போட்டால் பளிச்சென்று ஆகிவிடும், இரண்டு நாள் விட்டால் முன்பைவிட மோசமாக எரிகிறது. கடலை மாவு, கற்றாழை, மூன்று ஃபேஸ்வாஷ், ஒரு வைட்டமின் சி சீரம் எல்லாம் பார்த்தாயிற்று. மாமியார் மீனை நிறுத்தச் சொல்கிறார். தையில் தம்பி கல்யாணம், இன்னும் மூன்று மாதம்தான். என் முகத்துக்கு ஒத்துக்கொள்கிற சோப்பு, கிரீம் எது டாக்டர்?

பதில்: சோப்பும் கிரீமும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு வரி. "போட்டால் பளிச், விட்டால் எரிச்சல்." ராயபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இந்த வரி மனப்பாடம், ஆட்கள்தான் மாறுகிறார்கள். இதைப் படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அந்த ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்கள். குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பல ட்யூபில் அதோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாடிக்கும் கதம்பமாகக் கலந்திருக்கும். ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருந்தால் அது மங்குக்கு மருத்துவர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுத வேண்டிய மருந்து. நம்மூரில் அது 'கலர் கிரீம்' என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி இருக்கிறது, கவுன்ட்டரில் நின்று "அண்ணா, முகத்துக்கு ஒரு கிரீம் குடுங்க" என்றால் கிடைத்தும் விடுகிறது.

ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிட வேண்டாம், நானே தினமும் எழுதுகிற மருந்துதான். காலில் தடித்துப் போன கரப்பானுக்கு வீரியமானதைக்கூடத் தைரியமாக எழுதுவேன். முகம் வேறு கதை. முகத்துத் தோல் மெல்லியது, அதிலும் கண் இமை உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பூசுவதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வீரியமான ஸ்டீராய்டை அங்கே மாதக்கணக்கில் போட்டால் தோல் இன்னும் மெலிந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய் தெரிந்து, பரு வந்து, மீசை தாடி மாதிரி பூனைமுடி வளர்ந்து, கடைசியில் அந்தக் கிரீம் இல்லாமல் வெயிலில் நிற்கவே முடியாத முகமாக ஆகிவிடும். இமையில் தொடர்ந்து போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். மூன்று மாதம் பழகிய தோல், சட்டென்று நிறுத்தினால் சில வாரம் ஆடித் தீர்த்துவிடும். எரியும், வீங்கும், பொடிப் பொடியாகக் கொப்புளம் வரும். நிறைய பேர் அந்த இடத்தில்தான் பயந்து பழைய ட்யூபுக்கே திரும்பிப் போகிறார்கள், போய் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். லேசான ஸ்டீராய்டுக்கு இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதா, நேராக டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றுவதா என்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். டாக்ரோலிமஸ் ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலியவைக்காது. போட்ட முதல் சில நாள் மிளகாய் பட்ட மாதிரி எரியும்; இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் நல்ல மருந்தைக் குப்பையில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்து ஏராளம். தனியார் கிளினிக் கட்டணம் யோசனையாக இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள்.

சரி, இது என்ன நோய்? சின்ன வயதுக் கரப்பான், அம்மாவுக்கு வீசிங் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அட்டோபிக் எக்ஸிமா, அதாவது குடும்பவழியில் வரும் கரப்பான் என்றுதான் முதலில் தோன்றுகிறது. இது தொற்றாது, உங்கள் துண்டை வீட்டில் யாராவது தொட்டால் ஒன்றும் ஆகாது. தோலின் மேல்படலத்தை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறவியிலேயே குறைவு என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். பலகைப் படகில் இடுக்கு அடைப்பு விட்டுப்போன மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் சோப்பு, தூசி, வேர்வை உப்பு உள்ளே இறங்கி அரிப்பைக் கிளப்பும். சொறிந்தால் இடுக்கு இன்னும் பெரிதாகும். ஆங்கிலப் புத்தகங்களில் சிவப்புத் தடிப்பாகப் படம் போட்டிருப்பார்கள், நம் நிறத்தில் அது கருப்பாகவோ சாம்பல் பூத்த மாதிரியோதான் தெரியும், அதனால்தான் பலரும் 'நிறம் மங்குது' என்று நினைத்து வெள்ளையாக்கும் கிரீமைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால் இமை என்றாலே ஒவ்வாமையையும் நான் சந்தேகப்படுவேன். இமையில் வருகிற ஒவ்வாமைக்கு அங்கே எதையும் பூசியிருக்கவே வேண்டாம். நெயில் பாலிஷ் போட்ட விரல் விரலாக இருக்கும், அந்த விரலால் தேய்த்த இமை வீங்கும். தலைக்குச் சாயம் போட்டால் நெற்றி, காது, இமை மூன்றும் பேசும். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம்தான் காரணம், 'கருப்பு மருதாணி' என்று விற்பதிலும் அதுவே இருக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசை, வாசனைத் திரவியம், பூண்டு உரித்த கை, இறால் சுத்தம் செய்த கை, எல்லாவற்றையும் யோசியுங்கள். உங்கள் வேலையில் இன்னொன்று உண்டு. புதுத் துணிக்குச் சுருக்கம் விழாமல் போடும் கஞ்சியில் ஃபார்மால்டிஹைட் வெளியிடும் பிசின்கள் இருக்கும், நாள் முழுக்கப் பிரித்து மடிக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையோ ஊருக்குப் போகும் நாட்களிலோ முகம் தணிகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தணிகிறது என்றால், சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் கேட்டு வாங்குங்கள். புருவத்திலும் மூக்கின் இரு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் வந்து, தலையில் பொடுகும் இருந்தால் அது வேறு வகை, அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். உங்கள் வர்ணனையில் அது இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

இனி சோப்பு. முகத்துக்குச் சோப்பே வேண்டாம். நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, பிஎச் ஐந்தை ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து. 'மூலிகை' என்று எழுதியிருந்தாலும் கணக்கு அதேதான். காலையில் வெறும் தண்ணீர், சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஒரு தடவை நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத, 'சோப்-ஃப்ரீ' என்று போட்ட க்ளென்சர். அவ்வளவு போதும். தேய்க்காமல் துண்டால் ஒற்றுங்கள். கடலை மாவு பருப்பு அரைத்த தூள், அறுந்த தோலில் அது உப்புத்தாள் வேலை செய்யும். கற்றாழை, குப்பைமேனி, வேப்பிலை மஞ்சள் அரைப்பு எல்லாம் நல்ல தோலுக்குச் சரி, புண்பட்ட முகத்தில் இவற்றாலும் ஒவ்வாமை வரும். வைட்டமின் சி சீரம் அமிலம், இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது.

தண்டையார்பேட்டையில் போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் முகம் போச்சு என்று சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி மாட்டுகிறார்கள். இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கருவியால் கூடுதல் பலன் இல்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததால் நாம் அதிகமாகப் போடுகிறோம், அந்தச் சோப்பு தோலில் தங்கிவிடுகிறது, அதுதான் வம்பு. முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு மெட்ரோ வாட்டர் எடுத்து வையுங்கள், கருவிக்கு வைத்த காசு மிஞ்சும்.

கிரீமுக்கு வருவோம். முகம் கழுவி ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சுரைசர் போட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது. பின்னால் இருக்கும் பட்டியலில் கிளிசரின், பாரஃபின், செராமைடு இருந்தால் நல்லது. பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்', 'சென்சிடிவ் ஸ்கின்' என்று முன்பக்கம் எழுதியிருப்பதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. இமைக்கும் உதட்டோரத்துக்கும் வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, அதைவிடச் சாதுவான பொருள் என் அலமாரியில் இல்லை, விலையும் குறைவு. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் சுத்தமான தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வந்தது, கை கால் வறட்சிக்கு நானும் தடுப்பதில்லை. முகத்தில் பரு வரும் வயதில், அதுவும் ஸ்டீராய்டு போட்ட முகத்தில் வேண்டாம். கடுகு எண்ணெய், ஆலிவ் எண்ணெய் கிட்டவே போகாதீர்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கை உள்பக்கம் ஒரே இடத்தில், நாளுக்கு இரண்டு வேளை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்கு. ஒரு நேரத்தில் ஒரே பொருள்தான். மூன்றைச் சேர்த்து ஆரம்பித்தால் எது கடித்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வெளியே போகும்போது ஸ்கூட்டியில் துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டுகிறீர்களா? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் கட்டத்தான் வேண்டும், நானும் கட்டுவேன். மெல்லிய பருத்தித் துணியாக இருக்கட்டும், தினமும் துவைத்து இரண்டு தடவை அலசியதாக இருக்கட்டும். வேர்த்தால் ஈரக் கைக்குட்டையால் ஒற்றி, மறுபடி கொஞ்சம் மாய்ஸ்சுரைசர். கடையில் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் நிற்காதீர்கள். வெயிலுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் போடலாம், அதையும் முழங்கையில் சோதித்துவிட்டு.

மீன் விஷயம். மாமியார் சொல்வது பழைய கணக்கு. கத்தரிக்காய், கருவாடு, மீன் எல்லாம் 'கரப்பான் பண்டம்' என்று என் பாட்டியும் சொல்வார். பெரியவர்களுக்கு வரும் எக்ஸிமாவில் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். மீன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தால் அது வேறு, அப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் காசிமேட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு வஞ்சிரத்தை ஏன் விட வேண்டும்? மாமியாரிடம் சண்டை போடாமல், "டாக்டர் சாப்பிடலாம்னு சொன்னாரு அத்தை, ஆனா மீன் கழுவுற வேலை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம்னாரு" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மஞ்சளாகப் பொருக்குக் கட்டி நீர் வடிந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது. ஒரே மாதிரி சின்னச் சின்னக் குழிப் புண்கள் திடீரென்று கூட்டமாக வந்து, வலியும் காய்ச்சலும் இருந்தால், அல்லது கண் சிவந்து பார்வை மங்கினால், அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள் வரை வேண்டாம்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் நல்ல அவகாசம்தான். அரிப்பும் உரிதலும் அதற்குள் அடங்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, கருப்பு முழுக்கப் போக இன்னும் சில மாதம் கூட ஆகலாம், அதற்காக வேறு ட்யூபைத் தேடாதீர்கள். பார்லரில் ஃபேஷியல், ப்ளீச் இரண்டும் வேண்டாம். மேக்கப் போடுகிறவரிடம் அவர் பொருட்களை ஒரு வாரம் முன்பே வாங்கி முழங்கையில் சோதியுங்கள். கல்யாணம் தையில் என்பதால் போகி அதற்கு முன்னாலேயே வந்துவிடும், டயர் புகை நம் தெருக்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அன்று விடியற்காலை ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

டாக்டரிடம் போகும்போது மூன்று ஃபேஸ்வாஷ், சீரம், அந்த ட்யூப், நெயில் பாலிஷ், பொட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "பேர் ஞாபகம் இல்லை டாக்டர், பச்சை மூடி போட்டிருக்கும்" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.