கணினிக் கேள்வி–பதில்: வாளி ஏன் ஒழுகுகிறது?

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் ஒரு சின்னக் கணினி வகுப்பு நடத்துகிறேன். இந்தமுறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விண்டோஸோடு வருகிற படம் வரையும் மென்பொருளான பெயிண்ட் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். கை பழகாமல் இது விளங்காது.

வீட்டிலிருந்து சாறி பிளவுஸ் தைக்கிறேன். மகளின் படிப்புக்கு வாங்கிய பழைய லப்டொப் பகலில் சும்மா கிடக்கிறது. கழுத்து வடிவங்களைப் பெயிண்டில் வரைந்து வாடிக்கையாளருக்குக் காட்ட ஆசை. ஆனால் கோடு நடுங்குகிறது. இடப்பக்கம் மாதிரி வலப்பக்கம் வருவதே இல்லை. — வாசகி, விசுவமடு

அக்கா, துணியில் கழுத்து வெட்டும்போது நீங்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாக வெட்டுவீர்களா? இரண்டாக மடித்து ஒரு பாதியைத்தானே வெட்டுகிறீர்கள். பெயிண்டிலும் ஒரு பாதியை மட்டும் வரையுங்கள்.

முதலில் நடுக்கம். மவுஸைப் பிடித்துக் கையெழுத்து மாதிரி வரையப் போனால் யாருக்கும் நடுங்கும், எனக்கும்தான். நேர்க்கோடு வேண்டுமென்றால் கோட்டுக் கருவியை எடுத்து, ஷிப்டை அழுத்திக்கொண்டு இழுங்கள். கோடு கிடையாகவோ, நிலைக்குத்தாகவோ, சரி பாதிச் சாய்விலோ மட்டும்தான் போகும். ஷிப்டோடு முட்டை வடிவத்தை இழுத்தால் சரியான வட்டம் வரும், நீள்சதுரத்தை இழுத்தால் சதுரம் வரும். கழுத்தின் வளைவுக்கு வளைகோட்டுக் கருவி இருக்கிறது. தோளிலிருந்து கழுத்தின் அடி வரைக்கும் ஒரு நேர்க்கோடு இழுத்து விட்டுவிடுங்கள். பிறகு அந்தக் கோட்டைப் பிடித்து வெளியே இழுத்தால் வளையும். இரண்டு தடவை வளைக்கலாம். ஒரு வளைவே போதுமென்றால் இரண்டாம் தடவை அதே இடத்தில் சும்மா ஒரு கிளிக் கொடுத்து முடித்துவிடுங்கள். வளைக்க வெளிக்கிட்டு அரைவழியில் விட்டால்தான் அடுத்த கிளிக்கில் கோடு எங்கேயோ ஓடும். வகுப்பில் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது.

பாதி வரைந்தாயிற்றா? தெரிவுக் கருவியால் அதைச் சுற்றிப் பெட்டி போட்டு, கொன்ட்ரோல் சி, கொன்ட்ரோல் வி. மேல் இடது மூலையில் இன்னொரு பாதி வந்து நிற்கும். அதை வேறெங்கும் கிளிக் பண்ணாமல் அப்படியே வைத்துக்கொண்டு, ரொட்டேட் என்பதில் பிளிப் ஹொரிசொன்டல் கொடுங்கள். வலது இடதாகத் திரும்பிவிடும். இனி இழுத்துக் கொண்டுபோய் முதல் பாதியோடு பொருத்துங்கள். பொருத்தும்போது வெள்ளைப் பெட்டி பழைய கோட்டை மூடினால், தெரிவு மெனுவில் டிரான்ஸ்பேரன்ட் செலக்ஷனைப் போட்டுவிடுங்கள். கரையில் பூ வேலை வேண்டுமென்றாலும் ஒரு பூ வரைந்தால் போதும். தெரிவு செய்து, கொன்ட்ரோலை அழுத்தியபடி இழுக்க இழுக்க ஒவ்வொரு பிரதியாக விழும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். காட்டுவதோடு நிற்காமல், இதை அளவோடு அச்சடித்துத் துணியில் வைத்தே வெட்டலாம். பைல் மெனுவில் புரொப்பர்ட்டீஸைத் திறந்தால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று காட்டும். பெரும்பாலும் 96 என்று இருக்கும். அப்படியானால் 7 அங்குல ஆழக் கழுத்துக்கு 672 புள்ளி உயரம். இழுக்கும்போது கீழ்ப்பட்டியில் எண் ஓடும், அதைப் பார்த்து நிறுத்துங்கள். அச்சடிக்கும்முன் பேஜ் செட்டப்பில் 'பிட் டு' என்பதை விட்டுவிட்டு 100 சதவீதம் என்று வையுங்கள், இல்லாவிட்டால் தாளுக்கு ஏற்றபடி அது சுருக்கும் அல்லது பெருக்கும். முதல் தாளில் 384 புள்ளிக் கோடு ஒன்றை மட்டும் அச்சடித்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 4 அங்குலம் வந்தால் துணியில் கை வைக்கலாம்.

எட்டாம் வகுப்பு படிக்கிறேன். நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குச் சுவரொட்டி வரைகிறேன். பாம்புக்கு நிறம் ஊற்றினால் தாள் முழுக்க நிறமாகிவிடுகிறது. நிறம் ஊற்றுகிற வாளிக் கருவி பழுதா? பாம்பின் நெளிவும் வடிவாக வரவில்லை. — வாசகர், புளியம்பொக்கணை

வாளி பழுதில்லை தம்பி, உன் பாம்பில்தான் ஓட்டை. கணினிக்குப் பாம்பு என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், அவ்வளவுதான். வாளியால் ஓரிடத்தில் ஊற்றினால், அந்தப் புள்ளியின் நிறத்திலேயே பக்கத்தில் இருக்கிற புள்ளிகளை எல்லாம் மாற்றிக்கொண்டே போகும், வேறு நிறம் குறுக்கே வந்தால்தான் நிற்கும். வரம்பில் நண்டு போட்ட துளையால் வயல் தண்ணீர் முழுக்க இறங்கிவிடுவது போல, ஒரு புள்ளி இடைவெளி போதும்.

கொன்ட்ரோல் இசட் அடித்து நிறத்தைத் திரும்ப எடு. 800 சதவீதத்துக்குப் பெருப்பித்துக்கொண்டு கோட்டின் வழியே போ. வால் முடிகிற இடம், தலையும் கழுத்தும் சேர்கிற இடம், இவற்றை முதலில் பார். பென்சிலால் அடை, பிறகு ஊற்று. பள்ளிக்கூடத்தில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறதென்றால் கவனம், அதில் மூன்று தடவைதான் பின்னால் போகலாம். விண்டோஸ் 7-இல் அதை 50 ஆக்கினார்கள்.

ஊற்றியபிறகு கோட்டோரம் வெளிறிய கரை தெரிந்தால், நீ தூரிகையால் வரைந்திருக்கிறாய். தூரிகைக் கோட்டின் ஓரத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் புள்ளிகள் இருக்கும். வாளி அவற்றைத் தொடாது. நிறம் ஊற்றப்போகிற படத்துக்குப் பென்சில்தான் சரி.

நெளிவுக்கு மேலே அக்காவுக்குச் சொன்ன அதே வளைகோடு. முதல் வளைவை மேலே இழு, இரண்டாவதைக் கோட்டின் மறுபாதியில் பிடித்துக் கீழே இழு. பாம்பு நெளிந்துவிடும். அந்தக் கோட்டை நகலெடுத்துக் கொஞ்சம் கீழே வைத்தால் உடம்பின் இரண்டு கரையும் தயார். படமெடுத்த தலையை மட்டும் கையால் வரை. அதையும் கருவியால் செய்தால் எல்லாருடைய பாம்பும் ஒரே பாம்பாகிவிடும்.

சங்கத்து அறிவித்தலைப் பெயிண்டில் தமிழில் அடித்தேன். திகதி பிழை என்று மறுநாள் திறந்தால் எழுத்தைத் திருத்த ஏலாது. இன்னொரு கணினியில் அடித்தபோது தமிழே வரவில்லை, ஆங்கில எழுத்துகள் கலந்து கொட்டின. — வாசகர், முல்லைத்தீவு

ஐயா, இவை இரண்டு வேறு வேறு பிரச்சினைகள். எழுத்துப் பெட்டிக்கு வெளியே கிளிக் செய்த கணமே எழுத்து எழுத்தாக இருப்பதை விட்டுவிடும். பாம்பைப் போல அதுவும் புள்ளிகள்தான். திகதியின் மேல் வெள்ளைப் பெட்டி வைத்து மூடி, புதிதாக அடிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் வாசகத்தை முதலில் நோட்பேடில் அடித்து, செயலாளரிடம் காட்டி, பொருளாளரிடமும் காட்டி, எல்லோரும் சண்டை பிடித்து முடிந்தபிறகு பெயிண்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, பாமினி செய்த வேலை. நம்மில் பலர் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறோம். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டுகிற எழுத்துரு. அது இல்லாத கணினியில் போர்வை கழன்று உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட்டில் அடியுங்கள். அதற்கான எழுத்துரு விண்டோஸிலேயே இருக்கிறது: பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா. எதையும் தேடி நிறுவ வேண்டாம்.

எழுத்து புள்ளியாகிவிடுவதில் ஒரு லாபமும் உண்டு. சேமித்த படத்தை யாருடைய தொலைபேசிக்கு அனுப்பினாலும், அதில் தமிழ் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீங்கள் கண்டபடியே தெரியும்.

ஆறு வயது மகள் பெயிண்டைத் திறந்து ஸ்பிரேயை எல்லா இடமும் அடித்துவிட்டு மூடுகிறாள். இதில் என்ன படிப்பு இருக்கிறது? — தாய், மல்லாவி

நிறைய இருக்கிறது. விரல் ஒன்று அழுத்த, கை நகர, கண் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இதைப் பழக்கத்தான் என் வகுப்பில் நேரம் போகிறது. விடுங்கள், அடிக்கட்டும்.

அவளுக்கென்றே ஒன்று வேண்டுமானால் டக்ஸ் பெயிண்ட் நிறுவிக் கொடுங்கள். பில் கென்ட்ரிக் என்பவர் 2002-இல் தொடங்கிய இலவச மென்பொருள், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. கருவிகள் சத்தம் போடும், முத்திரைகள் குத்தலாம், சேமிக்கும்போது பெயர் கேட்டுப் பிள்ளையைக் குழப்பாது. அதிலே மாயக் கருவிகளுக்குள் சமச்சீர் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானாக வரும். எங்கள் வகுப்புச் சின்னவர்கள் அதில் கோலம் போடுகிறார்கள்.

பெயிண்டை நிறுத்தப்போகிறார்கள் என்று வாசித்த ஞாபகம். ஓய்வு பெற்ற நான் இப்போது போய் அதைக் கற்பது வீண்வேலையா? நகரத்தில் ஒரு நிலையத்தில் மூன்று மாதப் பாடநெறிக்குக் காசு கட்டச் சொல்கிறார்கள். — வாசகர், மாங்குளம்

நீங்கள் வாசித்தது 2017-ஆம் ஆண்டுச் செய்தி. மைக்ரோசொப்ட் தான் கைவிடப்போகிறவற்றின் பட்டியலில் பெயிண்டைச் சேர்த்தது. உலகம் முழுக்க ஒரே கூச்சல். 2019-இல் விண்டோஸ் 10-இலேயே தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். 1985-இல் முதல் விண்டோஸோடு வந்தது, இன்றும் இருக்கிறது. 2023-இல் விண்டோஸ் 11 பெயிண்டுக்கு அடுக்குகளும் வந்தன. ஓர் அடுக்கில் கோடு, இன்னொன்றில் நிறம் என்று பிரித்து வரையலாம்.

கற்றுக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் மூன்று மாதப் பாடநெறி என்பது அநியாயம். எனக்கும் வகுப்புதான் பிழைப்பு, அப்படியிருந்தும் சொல்கிறேன்: மேலே எழுதியிருப்பதை ஒரு கிழமை மாலைகளில் செய்து பார்த்தால் பெயிண்டில் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி முடிந்தது.

எந்த வகையில் சேமிப்பது? பெயர்கள் குழப்புகின்றன. — வாசகி, நெடுங்கேணி

கோட்டுப் படம் என்றால் பிஎன்ஜி. ஜேபெக் புகைப்படத்துக்கானது. அதில் சேமித்தால் கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது மாதிரி புள்ளிகள் வரும், பிறகு வாளியும் ஒழுங்காக வேலை செய்யாது. பிஎம்பி எதையும் கெடுக்காது, ஆனால் இடம் தின்னும். 800-க்கு 600 புள்ளிப் படம் ஒன்று, புள்ளிக்கு 3 பைட் கணக்கில் 14 லட்சத்து 40 ஆயிரம் பைட். வெறும் வெள்ளைத் தாளாக இருந்தாலும் அதே அளவுதான்.

லப்டொப்பில் விரலால் தடவியே வரையலாமா, மவுஸ் கட்டாயம் வேண்டுமா? — வாசகர், ஒட்டுசுட்டான்

வரையலாம். மவுஸ் வாங்குங்கள்.