யுங் எதற்காகச் சங்கம் வைத்தார்?

அன்புள்ள சார்,

அவரவர் ஆழத்துக்கு அவரவர்தான் போகவேண்டும் என்று சொன்னவர் சுவிஸ் உளவியலாளர் யுங். அவர் எதற்கு ஒரு சங்கம் வைத்தார்? அது மடமாகிவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

ஓரளவு மடமாக ஆகவும் செய்தது. ஆனால் தொடங்கிய காலத்தைப் பாருங்கள். 1913ல் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்டுடன் உறவு முறிகிறது, அடுத்த வருடம் யுங்கைச் சேர்ந்த சூரிச் குழுவே சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து வெளியேறுகிறது, யுங் பல்கலைக்கழக வேலையையும் விட்டுவிடுகிறார். பேச ஓர் இடம் இல்லை. நீங்கள் சொல்லும் சங்கம், 1916ல் சூரிச் உளவியல் கழகம், பிறந்தது அப்படித்தான். பணம் தந்தவர் அமெரிக்க எண்ணெய் அதிபர் ராக்கஃபெல்லரின் மகள் எடித் மெக்கார்மிக், யுங்கிடம் சிகிச்சைக்கு வந்தவர். முதல் தலைவர் யுங்கின் மனைவி எம்மா யுங்.

உங்கள் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. சிகிச்சை அறையில் இரண்டே பேர். அங்கே ஒருவர் தன்னைப் பற்றிக் கண்டுகொண்டது, பொறாமையும் போட்டியும் உள்ள நாலு பேர் நடுவே வந்து உட்கார்ந்தால் தாங்குமா? இதை யுங் சோதித்துப் பார்க்க விரும்பினார். சோதனை சுமுகமாகப் போகவில்லை. சண்டை முற்றி 1922ல் அவரே விலகினார், இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பினார். குருவே வெளிநடப்பு செய்ய முடிந்த இடத்தை முழு மடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் வந்த வருடங்கள் வளமானவை. 1928 முதல் யுங்கின் நெருங்கிய சகா டோனி வுல்ஃப் தலைவராக இருந்து கழகத்தை நடத்தினார். 1932ல் ஹவர் என்ற ஜெர்மானிய இந்தியவியலாளர் அங்கே குண்டலினி பற்றித் தொடர் உரை நிகழ்த்த, சக்கரங்களை உளவியலாக எப்படி வாசிப்பது என்று யுங் தொடர்ந்து பேசினார். யுங்கை வாசிக்கும் நம்மவர்கள் அவசியம் படிக்கவேண்டிய உரைகள் அவை.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 1944ல் கழகத்தின் நிர்வாகக் குழு யூத உறுப்பினர்களுக்கு ரகசியமாக ஓர் உச்சவரம்பு வைத்தது: உறுப்பினர்களில் பத்து சதவீதம், விருந்தினர்களில் இருபத்தைந்து. ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வருடம் அது! 1950ல்தான் நீக்கினார்கள். மனிதன் தன்னில் ஏற்க மறுக்கும் இருண்ட பகுதியான ‘நிழல்’ பற்றிப் பேசியவர்கள் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். யுங்கின் மேல் பெருமதிப்பு உள்ளவர்கள்தான் இதை முதலில் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

1948ல் யுங் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது கழகத்தின் கட்டிடத்திலேயே இயங்கியது, 1979ல் சூரிச்சுக்கு அருகிலுள்ள க்யூஸ்நாக்ட்டுக்குப் போனது. பயிற்சியும் பட்டமும் அதன் வேலை. கழகம், தொழில்முறை சாராதவர்களும் வந்து உட்காரும் இடமாகவே தொடர்ந்தது.