மார்பக இம்ப்ளான்ட்டை மாற்றப் போகிறீர்களா? மும்பைத் தோழிகளின் கேள்விகளுக்குப் பதில்

மும்பையில் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. முடிவை மட்டும் உங்களை நேரில் பரிசோதித்த டாக்டரோடு பேசி எடுங்கள்.

செம்பூரிலிருந்து: அக்கா, சிலிக்கான் வைத்து பத்து வருஷம் ஆச்சு. தொந்தரவு இல்லை. பத்து வருஷத்தில் மாற்றியே ஆகணுமாமே?

அப்படி ஒரு காலாவதி தேதி கிடையாதும்மா. ஆயுள் முழுக்க வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. உப்புநீர் இம்ப்ளான்ட் உடைந்தால் மார்பு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கான் ஜெல் கசிந்தால் பல சமயம் வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ, அறிகுறி இல்லாவிட்டாலும் 5-6 வருடத்தில் முதல் ஸ்கேனும், பிறகு 2-3 வருடத்துக்கு ஒன்றும் எடுக்கச் சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமை நம்பிக் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. முதலில் ஸ்கேன் எடுங்கள், மாற்றுவதை அப்புறம் யோசிக்கலாம்.

மாட்டுங்காவிலிருந்து: புற்றுநோய் ஆபரேஷனுக்கு அப்புறம் இம்ப்ளான்ட் வைத்தார்கள், ரேடியேஷனும் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கம் கல் மாதிரி இறுகி வலிக்கிறது. புதுசு வைத்தால் சரியாகுமா, சிஸ்டர்?

இம்ப்ளான்ட்டைச் சுற்றி எல்லோருக்கும் ஒரு தழும்பு உறை வளரும். அது சுருங்கி இறுகினால் இந்த வலி வரும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லும் பேக்கர் அளவில் இதற்கு லேசிலிருந்து கடுமை வரை நான்கு நிலைகள். மூன்றிலும் நான்கிலும்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும். ரேடியேஷன் பட்ட இடத்தில் இறுகும் வாய்ப்பு அதிகம், புதுசு வைத்தாலும் திரும்பலாம். அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: என் வயிற்றிலோ முதுகிலோ இருந்து சதை எடுத்து மார்பகம் அமைக்க முடியுமா? அது பெரிய ஆபரேஷன்தான், ஆனால் உங்களுக்கு இந்த வழியையும் சொல்லியே ஆக வேண்டும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அழகுக்கான சர்ஜரிக்கு இன்சூரன்ஸ் வராது. புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பொது விதி அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. டாக்டரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

சயானிலிருந்து: எனக்கு வைத்தது சொரசொரப்பான வகை. 2019-இல் திரும்பப் பெற்றார்களே, அதுவா என்று பயமாக இருக்கிறது. இம்ப்ளான்ட் விவரம் இருந்த கார்டும் தொலைந்துவிட்டது.

2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி திரும்பப் பெற்றது பயோசெல் என்ற மேற்பரப்பு கொண்டவற்றை. காரணம், ஏஎல்சிஎல் என்ற அரிய லிம்போமா. இது மார்பகப் புற்றுநோய் அல்ல, உறையில் தொடங்கும் நோய் எதிர்ப்பு செல்களின் புற்று. அறிகுறி இல்லாதவர்கள் எடுத்துவிட வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை. ஆனால் வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால், ஆபரேஷனுக்கு முன்பே அங்கே சேர்ந்த நீரை எடுத்து, ஏஎல்சிஎல் இருக்கிறதா என்று பார்க்கும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கார்டு இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, எந்த இம்ப்ளான்ட் என்று தெரிய ஆபரேஷன் குறிப்பைக் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதி. ஆனால் அதே விதி மூன்று வருடம்தான் பாதுகாக்கச் சொல்கிறது, தாமதிக்க வேண்டாம்.

முலுண்டிலிருந்து: உறையோடு சேர்த்து மொத்தமாக எடுத்தால்தான் பாதுகாப்பு என்று யூடியூபில் சொல்கிறார்களே?

ஏஎல்சிஎல் உறுதியானவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு எல்லா நேரமும் அது தேவைப்படாது. உறை விலா எலும்போடு மெல்லியதாக ஒட்டியிருந்தால், முழுக்கப் பிரிக்கும்போது நுரையீரலைச் சுற்றிய சவ்வு காயப்படலாம். எடுத்த உறையை பெத்தாலஜி லேப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

தாணேயிலிருந்து: எப்போது லோக்கல் ட்ரெயினில் போகலாம்? டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கூட்ட நேர லோக்கல் சில வாரங்களுக்கு வேண்டாம், இடிபடும். கனமான பை தூக்குவதும் கூடாது. புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டருக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி (இப்போது டிஆர்என்பி) என்ற உயர் சிறப்புப் பட்டம் இருக்க வேண்டும். மறு ஆபரேஷன் அடிக்கடி செய்பவரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். தொற்று இருந்தால் பழையதை எடுத்துவிட்டு, புதியதைச் சில மாதம் கழித்தே வைக்க வேண்டி வரலாம். அப்படியானால் இரண்டாவது செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள்.