"தனியார் சங்கம்" என்று சொல்லிச் செயலாளர் தப்ப முடியுமா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றின் விளையாட்டுச் சங்கத்தில் நான் ஆயுள் உறுப்பினர், பழைய ஆட்டக்காரன். 14 ஆண்டுகளாக ஒரே ஆள்தான் செயலாளர். பொதுக்குழுவுக்கு எனக்கு அழைப்பே வந்ததில்லை. ஆனால் சென்ற ஆண்டு பொதுக்குழு வருகைப் பதிவில் என் கையெழுத்து இருக்கிறது! போட்டி நடத்த வந்த அரசு நிதிக்கும் கணக்கு காட்டவில்லை. இப்போது மாநிலப் போட்டிக்கான அணியில் என் மகள் பெயர் வர 25,000 ரூபாய் வேண்டும் என்று பயிற்சியாளர் மூலம் கேட்கிறார். கேட்டால், "இது தனியார் சங்கம், எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் தப்பலாம், ஆனால் கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். அந்த வாரம் கழிந்துவிட்டால் நீங்களும் கூண்டில் ஏற நேரிடும். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்; நேரே லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்டப் பிரிவுக்குப் போங்கள். ரசாயனம் தடவிய நோட்டை உங்கள் கையில் கொடுத்து, சாட்சிகளோடு பொறி வைப்பது அவர்கள் வேலை. நடுவில் நிற்கும் பயிற்சியாளரும் தப்ப மாட்டார். பொது ஊழியரிடம் சொல்லிக் காரியம் முடித்துத் தருவதாகப் பணம் வாங்குவதற்கு அதே சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது. அவர் பேசியது போனில் பதிவாகியிருந்தால் அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

சரி, சங்கச் செயலாளர் எப்படிப் பொது ஊழியர் ஆவார்? அவர் தனியார் என்று சொல்வது பாதிதான் உண்மை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2(சி) பிரிவு, அரசிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ நிதியுதவி பெறும், அல்லது முன்பு பெற்ற, கல்வி, சமூக, பண்பாட்டு "அல்லது பிற" நிறுவனத்தின் நிர்வாகிகளையும் பொது ஊழியர் என்கிறது. விளையாட்டுச் சங்கம் இதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடத்தான் செய்வார். ஆனால் அரசு நிதி வந்ததற்கு ஒரு காகிதம் உங்களிடம் இருந்தால் அவருக்குப் பாடு அதிகம்.

அந்தக் காகிதத்தைச் சங்கத்திடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நிதி கொடுத்த அலுவலகத்திடம் கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: எந்தப் போட்டிக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, நிதியை எதற்குச் செலவிட்டோம் என்று சங்கம் கொடுத்த பயன்பாட்டுச் சான்றிதழ், ரசீதுகளின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். ரசீதில் மூன்று நாள் சாப்பாடு என்று எழுதியிருந்து, போட்டி ஒரே நாளில் முடிந்திருந்தால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடும் நம்பிக்கை மோசடிக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316-ஆம் பிரிவு இருக்கிறது.

அப்புறம் மாவட்டப் பதிவாளர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலான ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். பல சங்கங்கள் வருடக்கணக்கில் எதையும் தாக்கல் செய்வதில்லை; "தாக்கல் ஆகவில்லை" என்று பதிவாளர் எழுதிக் கொடுத்தால் அதுவும் உங்களுக்கு நல்ல ஆவணம்தான். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து மனு கொடுத்தால் 36-ஆம் பிரிவில் அவர் விசாரணை நடத்தலாம். தாமாகவும், ஆட்சியர் கேட்டுக்கொண்டாலும் நடத்தலாம். ஆள் சேர்க்க முடியாதவர்கள் ஆட்சியரிடம் மனு கொடுப்பது இதனால்தான். ஆனால் தேர்தல் செல்லுமா செல்லாதா என்ற தகராறைப் பதிவாளர் தீர்க்க முடியாது, அதற்கு உரிமையியல் நீதிமன்றம்.

அந்தக் கையெழுத்து விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் அதுதான் பெரிசாகப் படுகிறது. வராத ஆளின் கையெழுத்தைப் போட்டால் அது போலி ஆவணக் குற்றம். அந்தக் கூட்டத்தன்று நீங்கள் வேறு ஊரில் இருந்ததற்கு ரயில் டிக்கெட்டோ அலுவலக வருகைப் பதிவோ இருக்கிறதா, தேடுங்கள்.

14 ஆண்டுப் பதவி பற்றி மட்டும் அவசரப்படாதீர்கள். 2011 தேசிய விளையாட்டு நெறிமுறையில் செயலாளர் தொடர்ந்து இரண்டு முறை, அதாவது எட்டு ஆண்டு இருக்கலாம். அதற்கு மேல் நான்கு ஆண்டு இடைவெளி விட வேண்டும். ஆனால் அது தேசியச் சம்மேளனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டமும் முதன்மையாக மேல்மட்டத்துக்கானது. விளையாட்டுத் தீர்ப்பாயம், அரசு நிதி வாங்கும் தேசிய அமைப்புகளுக்குத் தகவல் உரிமை என்று நல்லவை அதில் உண்டு. உங்கள் ஊர்ச் செயலாளரை அதைக் காட்டி இறக்கிவிடலாம் என்று நம்பி மனு போட்டால், அந்த ஒரு வாதம் தோற்றதும் மற்றவற்றின் மதிப்பும் குறையும். சங்கத்தின் துணைவிதியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், தேர்தல் நடந்ததா என்று கேளுங்கள்.

மகளின் தேர்வு தனி விஷயம், அதற்குத்தான் நேரமே இல்லை. கிரிக்கெட் வாரியம் அரசு அமைப்பு அல்ல என்று 2005-இல் சொன்ன அதே தீர்ப்பில்தான், பொதுப் பணி செய்யும் அமைப்பின் மீது உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வுக் குழுவின் வேலையை நீதிபதிகள் செய்ய மாட்டார்கள். "மறுபடி நேர்மையாகத் தேர்வு நடத்துங்கள்" என்று உத்தரவிடக் கேட்கலாம், அதையும் அணி பஸ் ஏறும் முன்பே கேட்க வேண்டும். தேர்வு நாளில் பதிவான நேரமோ புள்ளியோ இருந்தால் அதன் நகலோடு ஒரு புகார்க் கடிதத்தை, மாநிலச் சங்கத்துக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் இன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் லஞ்சம் பற்றி ஒரு வரியும் வேண்டாம். லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைக்க நினைத்திருந்தால், செயலாளருக்கு நீங்களே சொல்லிவிட்டது போலாகிவிடும்.