பேருந்துக் கூட்டத்தில் தற்செயலாகப் பட்டதா, வேண்டுமென்றே உரசினானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்போது என்ன செய்ய வேண்டும்?

குத்தாலத்திலிருந்து கும்பகோணத்துக்குக் கல்லூரி நாள் தொட்டு நின்றுகொண்டே போய்வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பிரேக் போட்டால் எல்லோரும்தான் சாய்வார்கள். தற்செயலாகப் பட்டவர் வண்டி சீரானதும் விலகிவிடுவார். சந்தேகம் வந்தால் நான் ஓரடி நகர்ந்து நிற்பேன். நகர்ந்த பிறகும் அதே கை தேடி வந்தால், அதற்குக் கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மாலை, திருபுவனம் தாண்டியதும், மேல்கம்பியைப் பிடித்திருந்த ஒருவனுடைய இன்னொரு கை, அவன் தோளில் தொங்கிய துணிப்பைக்கு அடியிலிருந்து என் இடுப்புக்கு வந்தது. நகர்ந்தேன், பையும் கூடவே நகர்ந்தது. 'கூட்டத்துல பட்டுச்சும்மா' என்று சொல்லிவிடுவானே என்ற எண்ணத்திலேயே இரண்டு நிறுத்தங்கள் போய்விட்டன. பிறகு, 'பச்சைச் சட்டை அண்ணே, கையை எடுங்க' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். (அவனை ஏன் அண்ணன் என்றேனோ!) பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், 'இப்படி வா பாப்பா' என்று நகர்ந்து இடம் கொடுத்தார். நடத்துநரோ, 'அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்டுர்றேன், விடும்மா' என்று முடித்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

ஏனென்றால், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் பேருந்தை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது ஓட்டுநர், நடத்துநருடைய கடமை; உச்ச நீதிமன்றமும் 2012இல் இதையே உத்தரவிட்டது. ஆகவே 'இவனை இறக்கிவிடுங்கள்' என்று கேட்காமல், 'வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்கள்' என்று கேளுங்கள். நேரமாகிறது என்று நான்கு பேர் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

வண்டி போகாவிட்டால் 112-ஐ அழையுங்கள், ரயிலென்றால் 139. பேசவே நா எழவில்லையென்றால் பக்கத்திலிருக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாலே போதும், நம் ஊரில் பெரும்பாலும் அவரே குரல் கொடுத்துவிடுவார். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம், எல்லை தடையில்லை. இப்படித் தொடுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவரென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேரும். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லாப் பயணச்சீட்டுதானே என்று கசக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த வண்டியில் நீங்கள் இருந்ததற்கு அதுதான் கையிலிருக்கும் சான்று.