தினமும் நடந்தும் லேப்ரடாரின் எடை இறங்காதது ஏன்?

நடையை இன்னும் கூட்ட வேண்டாம், உணவில் கை வையுங்கள். உங்கள் லேப்ரடார் நாய் தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் 38 கிலோவிலேயே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால், நடையில் எரிவதைவிட வாய்வழியே போவதுதான் அதிகம்.

உணவைக் கப்பில் அளந்து போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். கொஞ்சம் குவித்து அள்ளினாலே தினமும் கணிசமாகக் கூடிவிடும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். பாக்கெட்டில் உள்ள அளவைப் பார்க்கும்போது இப்போதைய எடையை அல்ல, இருக்கவேண்டிய எடையைப் பாருங்கள்.

அப்புறம், ஒரு வாரம் வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் எழுதி வையுங்கள். பிஸ்கட், தட்டில் மிஞ்சியது, மாத்திரையோடு தரும் சீஸ் துண்டு, எல்லாமே. இவை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் குட்டு இங்கேதான் வெளிப்படும்!

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். விலாவை லேசாகத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட்டால் சரியான எடைக்கு வந்துவிட்டது.

சரியாக அளந்தும் ஒரு மாதத்தில் அசைவில்லையா? சோர்வு, முடி உதிர்வு இருக்கிறதா? தைராய்டு குறைபாடாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை வழக்கமான உணவைப் பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். கலோரியோடு சேர்ந்து புரதமும் சத்துகளும் போய்விடும், பாவம்.